அரசி இன்று யாரையும் சந்திப்பதில்லை

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் கிசாவின் பெரிய பிரமிடைப் பற்றி எழுதும்போது, "இதைக் கட்டிய கூஃபுவின் தாயார் ஹெதெப்ஹெரெஸின் கல்லறை பிரமிடுக்குக் கிழக்கே இருக்கிறது, அது தனிக்கதை" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பிரமிடைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவைதான் அதிகம். ஆகவே இந்த இதழ் அந்த அம்மாளுக்கே. கிளியோபாட்ராவையும் நெஃபர்டிட்டியையும் கேட்டிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்காக எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, பெரிய பிரமிடைக் கட்டிய அரசரின் பெயர் எங்கள் பாடத்தில் இருக்கிறது. அவருடைய அம்மாவின் பெயர் இல்லை. அவர் யார், எந்தக் காலத்தவர்? (பள்ளி மாணவி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ஹெதெப்ஹெரெஸ் வாழ்ந்தது சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்பு. எகிப்தின் நான்காம் அரச வம்சம் தொடங்கிய சமயம். கணவர் ஸ்னெஃபெரு. தஹ்ஷூரில் இருக்கும் வளைந்த பிரமிடும் சிவப்புப் பிரமிடும் அவர் கட்டியவை. மகன் ஒரே ஒரு பிரமிடைக் கட்டிப் பெயர் வாங்கினான். ஆனால் மொத்தமாக அடுக்கிய கல்லைக் கணக்கிட்டால் அப்பாதான் முன்னால் நிற்கிறார்.

ஹெதெப்ஹெரெஸின் பல்லக்கில் பொன்னெழுத்தில் பதித்திருக்கும் பட்டங்களைக் கேள்: "மேல் எகிப்துக்கும் கீழ் எகிப்துக்கும் அரசனானவனின் தாய், ஹோரஸைப் பின்தொடர்பவள், சொன்ன சொல்லெல்லாம் நிறைவேற்றப்படுபவள், தெய்வத்தின் உடலிற் பிறந்த மகள்." ஹோரஸ் என்பது அரசரோடு இணைத்துப் பேசப்படும் பருந்துத் தெய்வம். கடைசிப் பட்டத்தை வைத்து, இவரே ஓர் அரசரின் மகள், அநேகமாக மூன்றாம் வம்சத்தின் கடைசி அரசர் ஹூனியின் மகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்போது அந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனி. "அரசனின் மனைவி" என்ற பட்டம் இல்லை. ஸ்னெஃபெருவின் மனைவி என்பதை அவருடைய கட்டில் மேற்கட்டியிலும் அதன் திரைச்சீலைகளை வைக்கும் பெட்டியிலும் இருக்கும் ஸ்னெஃபெருவின் பெயரை வைத்து நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். அந்த அம்மாள் தன்னைப் பற்றி முதலில் சொல்ல விரும்பியது, மகன் அரசன் என்பதை.

கேள்வி: அந்தக் கல்லறையைக் கேமரா ஸ்டாண்டு கண்டுபிடித்தது என்று எங்கோ படித்தேன். கதை கட்டுகிறார்களா? (புகைப்படக் கலைஞர்)

பதில்: கட்டவில்லை. உங்கள் தொழிலுக்கு அந்தப் பெருமை உண்டு.

1925 பிப்ரவரி. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து கிசாவில் அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தன. தலைவர் ஜார்ஜ் ரெய்ஸ்னர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். பெரிய பிரமிடுக்குக் கிழக்கே, அரசிகளின் சிறிய பிரமிடுகளுக்கு அருகில், குழுவின் எகிப்தியப் புகைப்படக்காரர் ஸ்டாண்டை நிறுத்த இடம் பார்த்தார். ஒரு கால் பாறையில் ஊன்றவில்லை. கீழே பார்த்தால், பாறை நிறத்திலேயே பூசி மறைத்த சுண்ணச்சாந்து. அதைப் பெயர்த்தால் படிக்கட்டு; படிக்கட்டைத் தொடர்ந்தால், வாய்வரை கல் அடுக்கி அடைத்த ஒரு செங்குத்துக் குழி.

அந்தக் குழியின் ஆழம் ஏறக்குறைய 27 மீட்டர். நடுவழியில் பக்கச் சுவரில் ஒரு மாடம். உள்ளே ஒரு காளையின் மண்டையோடும் கால்களும் பாயில் சுற்றி வைத்திருந்தன. கூடவே பீர் ஜாடிகள். குழியை மூடிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்திப் படையல் வைத்துவிட்டு, மறுபடியும் கல்லடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 4,600 ஆண்டுகளாக அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. மார்ச் 8 அன்று அடியிலிருந்த அறையை எட்டினார்கள். இடைவெளி வழியாகப் பார்த்தபோது வெள்ளைக் கல்லாலான ஒரு பேழையும், அதன்மேல் தங்கத்தகடு போர்த்திய நீண்ட கம்புகளும், தரையெங்கும் பொன்னும் தெரிந்தன. ஸ்னெஃபெருவின் பெயரும் தெரிந்தது. போதாதா? ஸ்னெஃபெருவின் கல்லறையே கிடைத்துவிட்டது என்று செய்தி கிளம்பிவிட்டது. துட்டன்காமன் கிடைத்து மூன்றாண்டுகூட ஆகாத நேரம். பத்திரிகைகளுக்கு இன்னொரு பொன் அரசர் தேவைப்பட்டார்.

கிடைத்தது அரசரல்ல, அரசி ஹெதெப்ஹெரெஸ். பல்லக்கின் எழுத்தைப் படித்த பிறகுதான் அது உறுதியாயிற்று.

கேள்வி: மரச்சாமான்கள் எல்லாம் மக்கிப்போயின என்கிறார்கள். ஆனால் படத்தில் கட்டிலும் நாற்காலியும் புத்தம் புதிதாக நிற்கின்றன. எது உண்மை? (தச்சுத் தொழில் செய்பவர்)

பதில்: இரண்டும் உண்மை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அறை சிறியது. ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. அதற்குள் ஒரு கட்டில், அதற்கு மேற்கட்டி, இரண்டு கைவைத்த நாற்காலிகள், ஒரு பல்லக்கு, பெட்டிகள், குடங்கள், கற்பேழை. மரமெல்லாம் சுருங்கி, ஊதினால் பறக்கும் தூளாகிவிட்டது. மரத்தின்மேல் போர்த்தியிருந்த தங்கத்தகடு மட்டும் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தது. அள்ளி எடுத்திருந்தால் சில கூடைத் தங்கம் மிஞ்சியிருக்கும். கட்டில் எது, நாற்காலி எது என்று கடவுளுக்கே தெரிந்திருக்காது.

ரெய்ஸ்னரின் ஆட்கள் அள்ளவில்லை. வாசல் பக்கத்திலிருந்து ஒரு சாண் இடத்தைத் துப்புரவாக்குவது, அங்கே கிடப்பதை வரைவது, அளப்பது, படமெடுப்பது, இடுக்கியால் எடுப்பது, பிறகு அடுத்த சாண். பொருள்கள்மேல் கால் படாமல் இருக்கப் பலகை போட்டு, அதன்மேல் படுத்தபடியே வேலை செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், கட்டுக்கட்டாகக் குறிப்புகள். எந்தத் தகடு எந்தத் தகட்டுக்குக் கீழே, எந்தப் பக்கம் சாய்ந்து, எத்தனை அங்குலம் தள்ளிக் கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மரம் போனாலும் மரத்தின் அளவு தகட்டின் உட்பக்கத்தில் அப்படியே பதிந்திருந்தது. பொருத்துவாய் எங்கே, ஆணி எங்கே என்பதுகூட. உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: அளவு கிடைத்துவிட்டால் தச்சனுக்கு வேறென்ன வேண்டும்? புது மரத்தில் அதே அளவுக்கு வேலை செய்து, பழைய தகட்டையே அதன்மேல் போர்த்தினார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட எகிப்திய நிபுணர் அகமது யூசுஃப் முஸ்தபாதான் பிற்காலத்தில் கூஃபுவின் மரக்கப்பலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளிலிருந்து மீட்டு நிறுத்தியவர். அம்மாவின் கட்டிலில் பழகிய கை மகனின் கப்பலைக் கட்டியது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேற்கட்டி என்பது கொசுவலைச் சட்டத்தைப் போலக் கட்டிலைச் சுற்றி நிற்கும் கூடு. உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். பொருத்துவாய்களுக்குச் செம்புப் பூண் போட்டிருக்கிறார்கள். கழற்றி எடுத்துக்கொண்டு போய் இன்னோர் ஊரில் மாட்டிக்கொள்ளலாம். நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே மூன்று பாப்பிரஸ் பூக்களைத் தண்டோடு சேர்த்துக் கட்டியது போன்ற வேலைப்பாடு. கட்டில் தலைமாட்டில் உயர்ந்து கால்மாட்டில் தாழ்கிறது. தூங்கும்போது சரிந்துவிடாமல் இருக்கக் கால்பக்கம் ஒரு பலகை. தலையணை கிடையாது, தலையைத் தாங்க ஒரு தாங்கி மட்டும்.

இவை ஈமச்சடங்குக்காகச் செய்த பொம்மைச் சாமான்கள் என்று நான் நினைக்கவில்லை. கழற்றி மாட்டும் மேற்கட்டியைப் பயணம் போகிறவர்தான் செய்யச் சொல்வார். தங்கத்தில் சவரக்கத்தி, தங்கக் கிண்ணம், மூக்கு வைத்த செம்புக் கெண்டி, நகத்தைச் சுத்தம் செய்ய ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கலாகவும் உள்ள ஒரு பொற்குச்சி, ஏழு வாசனை எண்ணெய்க்கும் கண்மைக்குமாக எட்டுச் சிறு கல்ஜாடிகள். ஒரு பெண் காலையில் எழுந்ததும் கை நீட்டி எடுக்கிற பொருள்கள் இவை. பெரிய பிரமிடுக்குள் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரு வெறும் கற்பேழையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூஃபு எப்படி உட்கார்ந்தார், எதில் படுத்தார் என்று நமக்குத் தெரியாது. அவருடைய அம்மா எதில் உட்கார்ந்தார் என்று அங்குல அளவோடு தெரியும்.

கேள்வி: ஒருவரும் நுழையாத கல்லறையில் பேழை மட்டும் காலியாக இருந்தது எப்படி? மம்மி எங்கே? (ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி)

பதில்: உங்களைப் போன்ற ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி. 1927 மார்ச் 3 அன்று, முக்கியப் பிரமுகர்களைக் குழிக்குள் இறக்கி, அவர்கள் முன்னிலையில் ரெய்ஸ்னர் மூடியைத் தூக்கச் செய்தார். உள்ளே ஒன்றுமில்லை. சற்று நேரம் மௌனம். பிறகு அவர் திரும்பி, "கனவான்களே, அரசி ஹெதெப்ஹெரெஸ் இன்று யாரையும் சந்திப்பதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றாராம். உடனிருந்த டோஸ் டன்ஹாம் பிற்பாடு சொன்னது இது.

சாட்சியங்களைப் பாருங்கள். குழியின் அடைப்பு கலையவில்லை. அறையில் மண் முத்திரைகள் இருந்தன. அவற்றில் கூஃபுவின் பெயர். ஆகவே புதைத்தது மகன் ஆட்சியில். பொருள்கள் ஒழுங்காக வைக்கப்படவில்லை. அவசர அவசரமாக, கல் சில்லுகளோடும் உடைந்த பானை ஓடுகளோடும் உள்ளே இறக்கப்பட்டிருந்தன. மேலே கட்டடம் இல்லை, இருக்கிற இடம் தெரியக்கூடாது என்பதுபோல வாயைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

ரெய்ஸ்னரின் முடிவு இப்படி: அரசியை முதலில் தஹ்ஷூரில், கணவரின் பிரமிடுக்கு அருகில் புதைத்தார்கள். திருடர்கள் புகுந்து, உடலில் இருந்த நகைக்காக மம்மியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிகாரிகளுக்கு உடல் நடுங்கியது. "சிறு சேதம்தான், அம்மாவின் உடல் பத்திரம்" என்று கூஃபுவிடம் சொல்லிவிட்டு, மூடிய வெறும் பேழையைக் கிசாவுக்குக் கொண்டுவந்து ரகசியமாகப் புதைத்துவிட்டார்கள். அரசர் கடைசிவரை அறியவில்லை.

ரெய்ஸ்னர் துப்பறியும் நாவல் பைத்தியம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்களைச் சேர்த்து வைத்திருந்து, பிற்பாடு ஹார்வர்டுக்கே கொடுத்தவர். அந்த வாசிப்பு இந்த முடிவில் தெரிகிறது என்பது என் எண்ணம். பொய் சொல்லும் அமைச்சர், ஏமாறும் அரசர், நள்ளிரவு ஊர்வலம், எல்லாம் இருக்கிறது. தஹ்ஷூரில் அந்தக் கல்லறை மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. மம்மியைத் தூக்கிக்கொண்டு போக நேரம் இருந்த திருடன், ஒரு பெட்டி நிறைய வெள்ளிக் காப்புகளையும் தங்கம் போர்த்திய மேற்கட்டியையும் விட்டுவிட்டா போவான்?

1985-இல் எகிப்து ஆய்வாளர் மார்க் லேனர் வேறொரு விளக்கம் தந்தார். அரசியின் முதல் புதைகுழியே இதுதான். மேலே அவருக்காக ஒரு பிரமிடு எழுப்புவதாக இருந்தது. கூஃபுவின் கட்டடத் திட்டம் மாறியதும் அந்த இடம் கைவிடப்பட்டு, சற்றுத் தள்ளி இன்று நிற்கும் மூன்று சிறு பிரமிடுகளில் வடகோடிப் பிரமிடு அவருக்கென்று கட்டப்பட்டது. உடலை அங்கே மாற்றினார்கள். அங்கே புதுச் சாமான்கள் வைத்தார்கள். பழையவை இங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பிரமிடைப் பிற்காலத்தில் கொள்ளையர் காலி செய்துவிட்டார்கள்.

என் சாய்வு லேனர் பக்கம். ஆனால் ஒரு முள் உறுத்துகிறது. அம்மாவை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவருடைய உள்ளுறுப்புகளை மட்டும் ஏன் இங்கேயே விட்டார்கள்? அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: உள்ளுறுப்புகள் வைத்த பெட்டியில் 4,600 ஆண்டுகளுக்குப் பிறகும் தண்ணீர் இருந்ததாமே! (செவிலியர்)

பதில்: இருந்தது. அறையின் மேற்குச் சுவரில் ஒரு மாடம். அதைக் கல்லும் சாந்தும் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே வெள்ளை அலபாஸ்டர் கல்லில் ஒரு சதுரப் பெட்டி, நான்கு அறைகளாகப் பிரித்தது. ஒவ்வோர் அறையிலும் துணியில் பொதிந்த ஒரு பொட்டலம். மூன்று அறைகளில் பொட்டலங்கள் நேட்ரான் உப்புக் கரைசலில் மூழ்கியபடியே கிடந்தன. கரைசலின் அடர்த்தி சுமார் 3 சதவீதம். நான்காவது அறை உலர்ந்துவிட்டது.

நேட்ரான் என்பது எகிப்தின் உப்பு ஏரிகளில் கிடைத்த இயற்கைச் சோடா உப்பு. பிணத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சப் பிற்காலத்தில் அதைப் பொடியாகப் பயன்படுத்தினார்கள். இங்கே கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஈரல், குடல் முதலியவற்றைத் தனியே எடுத்துப் பாடம் செய்தார்கள் என்பதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. கைவேலை இன்னும் முதிராத காலம். உங்கள் தொழிலில் முதல் தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியின் உடலில் நம்மிடம் மிஞ்சியது இவ்வளவுதான்.

கேள்வி: ஆயிரம் டன் தங்கம் வைத்திருந்த நாட்டில் அரசியம்மாள் வெள்ளிக் காப்பு போட்டுக்கொண்டாரா? சிக்கனமா? (நகை வியாபாரி)

பதில்: ஆயிரம் டன் கணக்கு உங்களுடையது. ஆனால் உங்கள் தராசைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். எகிப்தில் தங்கம் விளைந்தது, வெள்ளி விளையவில்லை. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளி வைத்திருந்தவர்தான் செல்வந்தர்.

பெட்டியில் இருந்தவை இருபது காப்புகள், பத்துப் பத்தாக இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு மரக்குச்சியில் கோத்திருந்தது. மெல்லிய வெள்ளித் தகட்டை அடித்து வளைத்தது. உட்பக்கம் குழிவாக இருக்கும், ஆகவே எடை குறைவு. முகப்பில் வண்ணத்துப்பூச்சிகள். சினாயிலிருந்து வந்த பச்சை நீலப் பேரோஜாக்கல், ஆப்கானிஸ்தானிலிருந்து பல கைமாறி வந்த நீல லாபிஸ், சிவப்புக் கார்னீலியன் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, இறகு இறகாகப் பதித்திருக்கிறார்கள்.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது 2023-இல்தான் கொஞ்சம் தெளிந்தது. பாஸ்டனில் இருந்த காப்புத் துண்டுகளை ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். வெள்ளியோடு கலந்திருக்கும் ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதம், கிரேக்கத்தின் சைக்ளாடிஸ் தீவுகளின் தாதுவோடு ஒத்துப்போனது. லெபனான் கடற்கரையின் பிப்லோஸ் துறைமுகம் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் இவ்வளவு முன்பே சரக்குத் தொடர்பு இருந்தது என்று ஓர் அம்மாளின் காப்புதான் சாட்சி சொல்கிறது.

கேள்வி: மனைவியைவிட அம்மாவுக்கு இத்தனை மதிப்பு ஏன்? வாரிசு தந்தையிடமிருந்துதானே வருகிறது? (சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: எகிப்தியரிடம் கேட்டிருந்தால் உங்களை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். அரசர்களின் ஆண்டுக்கணக்கைப் பொறித்து வைத்த கற்கள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. பெரிய துண்டு இத்தாலியின் பலெர்மோவில், வேறு சில கெய்ரோவில். அவற்றில் அரசரின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரைப் பொறிக்கிறார்கள். ஸ்னெஃபெருவின் தாயார் மெரெஸான்க் என்று நமக்குத் தெரிவது அப்படித்தான். அரசர் தெய்வம் என்றால் தகப்பன் முந்தைய தெய்வம். அதை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு அரசருக்கு மனைவிகள் பலர், பிள்ளைகள் பலர். அவர்களில் இவன் யார் என்று பிரித்துச் சொல்வது தாயின் பெயர்தான். இது என் விளக்கம். கல் தன் காரணத்தைச் சொல்வதில்லை.

வெறும் பெயர் மட்டுமல்ல, ஆட்சியும் உண்டு. முதலாம் வம்சத்து மெரிநெய்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1900-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அபிடோஸில், அரசர்களின் கல்லறைகளுக்கு நடுவே ஒரு பெரிய கல்லறையைத் தோண்டினார். சுற்றிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட பணியாளர் குழிகள். இது யாரோ ஓர் அரசர் என்று அவர் எழுதி வைத்தார். இவ்வளவு பெரிய கல்லறை பெண்ணுடையதாக இருக்கும் என்று தோன்றவில்லை. பெண் என்பது பிறகு தெரியவந்தது. 1985-இல் டென் என்ற அரசரின் கல்லறையில் ஒரு முத்திரைப் பதிவு கிடைத்தது. நார்மரில் தொடங்கி டென் வரை அரசர்கள் வரிசையாக இருக்க, கடைசியில் "அரசனின் தாய் மெரிநெய்த்". மகன் சிறுவனாக இருந்தபோது அவர் நாட்டைப் பார்த்துக்கொண்டார் என்பது பெரும்பாலோர் கருத்து.

ஆறாம் வம்சத்தில் இரண்டாம் அன்கெசென்பெப்பி. அபிடோஸ் பக்கத்து அதிகாரக் குடும்பம் ஒன்றில் பிறந்த அக்காளும் தங்கையும், ஒரே பெயருடன், ஒரே அரசருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். தங்கையின் மகன் இரண்டாம் பெப்பி சிறு பிள்ளையாக அரியணை ஏறினான். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஓர் அலபாஸ்டர் சிலை இருக்கிறது. உயரம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. தாயின் மடியில் குறுக்காக அமர்ந்திருக்கும் பிள்ளை. ஆனால் அவனுக்குப் பிள்ளை முகம் இல்லை. பெரிய அரசருக்குரிய தலைத்துணி, நிமிர்ந்த முதுகு, பாதங்களுக்குக் கீழே தனியாக ஒரு பீடம். அம்மா ஒரு திசையில் பார்க்கிறார், பிள்ளை வேறு திசையில். அம்மாவின் நெற்றியில் கழுகுத் தலை ஒன்று தனியாகச் செருகப்பட்டிருந்தது. இப்போது துளை மட்டும் இருக்கிறது. இந்த அம்மாளின் பிரமிடில்தான், அதுவரை அரசர்களுக்கு மட்டுமே எழுதப்பட்ட பிரமிடு மந்திரங்கள் முதன்முதலாக ஓர் அரசிக்கு எழுதப்பட்டன.

கேள்வி: ஹெதெப்ஹெரெஸ் பொன்னிற முடி உள்ளவர் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: அவர் பேத்தி. கூஃபுவின் மகளுக்கும் பாட்டியின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்த இரண்டாம் ஹெதெப்ஹெரெஸ், தன் மகள் மூன்றாம் மெரெஸான்கின் கல்லறைச் சுவரில் மஞ்சள் தலையோடு வரையப்பட்டிருக்கிறார். 1927-இல் அதைக் கண்ட ரெய்ஸ்னர் பொன்முடி என்று எண்ணினார். அது தலையில் அணியும் துணி அல்லது பொய்முடி என்பதுதான் இன்றைய கருத்து. முடியை விடுங்கள், தனக்கென்று செய்த கருங்கல் பேழையை இந்தப் பெண்மணி தனக்கு முன்பே இறந்த மகளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததைப் பேழையிலேயே எழுதியும் வைத்தார். அது பாஸ்டனில் இருக்கிறது.

கேள்வி: இப்படி இன்னும் பெயர் தெரியாத ராஜமாதாக்கள் மண்ணுக்குள் இருப்பார்களா? (இல்லத்தரசி)

பதில்: இருப்பார்கள். 2015 ஜனவரியில் அபுசிரில் செக் நாட்டுக் குழு ஒரு கல்லறையைக் கண்டதாக அறிவித்தது. சுவரில் கல் தச்சர்கள் வேலைக் குறிப்பாகக் கிறுக்கியிருந்த எழுத்தில் "அரசனின் மனைவி", "அரசனின் தாய்", பெயர் கென்ட்காவெஸ். அதே பெயரில் ஏற்கெனவே இருவர் இருந்ததால் இவர் மூன்றாம் கென்ட்காவெஸ் ஆனார். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். அரசாங்கக் கல்வெட்டில் கிடைக்காத தாயின் பெயரைக் கொத்தனார் கிறுக்கல் காப்பாற்றி வைத்திருந்தது.

கேள்வி: தாயார் ஏமாற்றிப் புதைக்கப்பட்டது தெரிந்திருந்தால் கூஃபு என்ன செய்திருப்பார்? (கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: நீங்களும் ரெய்ஸ்னர் கட்சியா? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கேள்விப்பட்ட கொடுங்கோலன் கூஃபுவாக இருந்தால் அமைச்சரின் தலை தப்பியிருக்காது. ஆனால் ஹெரோடோட்டஸ் கேட்டது இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிந்திய வதந்தி.

கேள்வி: இவற்றையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? (பயண ஏஜெண்டு)

பதில்: கண்டெடுத்த சாமான்கள் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போயின. துட்டன்காமனின் பொருள்கள் அங்கே இருந்த காலத்தில், அவற்றைத் தேடி ஓடிய கூட்டம் வழியில் இவற்றைக் கடந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர்களையாவது நிறுத்திக் காட்டுங்கள். பாஸ்டனில் கட்டில், மேற்கட்டி, நாற்காலி ஆகியவற்றின் அசல் போன்ற நகல்கள் இருக்கின்றன.

இரண்டாவது நாற்காலி ஒன்று உண்டு. தங்கத்தகடும் நூற்றுக்கணக்கான நீல மட்பாண்டச் சில்லுகளும் பதித்தது. துண்டுகள் மிகவும் சிதறிப்போயிருந்ததால் அதை ரெய்ஸ்னரின் தலைமுறையால் நிறுத்த முடியவில்லை. அவர் 1942-இல் கிசாவிலேயே இறந்தார். கல்லறையைப் பற்றிய முழு அறிக்கையை வில்லியம் ஸ்டீவன்சன் ஸ்மித் முடித்து 1955-இல்தான் வெளியிட்டார். ஹார்வர்டில் 2016-இல் அந்தப் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் கணினியில் ஏற்றி, தேவதாரு மரத்தை இயந்திரத்தால் செதுக்கி, நீலச் சில்லுகளைச் சூளையில் சுட்டு, தங்கத்தகடு ஒட்டி, உட்காரும் இடத்துக்குக் கயிறு பின்னி, அந்த நாற்காலியை நிறுத்திவிட்டார்கள். பலகைமேல் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சில்லையும் அளந்து எழுதியவர்களில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. பாஸ்டனுக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடந்து இதையும் பார்த்துவிட்டு வரலாம்.